கீறிட்ட இடத்தை நிரப்புக

சுங்கப் பத்திரத்தில் இதை
"இஸ்திரி மேசை, கம்பிகளுடன், ஒன்று"
என்று பதிந்திருந்தார்கள்.
ரான்ஸ்லி வான்டோர்ட் திருத்தச் சொல்லவில்லை.
இஸ்திரி மேசைக்குத் தீர்வை குறைவு.

பத்துத் தந்தி, மூன்று மிதி, நாலு முழங்கால் நெம்பு.
கல்கிசையில் கடலைப் பார்த்த பாரில்
சனிக்கிழமைக் கௌபாய்த் தொப்பிகள்
ஒவ்வொன்றாய்க் குனிந்து அடியைப் பார்த்துவிட்டுப் போயின.
எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.
இரத்மலானையில் ஒன்பது வருசமாக
ஜூக்கி மெஷினில் கொலர் தைக்கிறவள் நான்.
வலது முழங்கால் வெளியே தள்ள, பாதம் தூக்கும்.
குதிகால் பின்னுக்கு அழுத்த, நூல் அறும்.
கை துணியில், கண் ஊசியில்,
கால்கள் தங்கள் பாட்டில்.
வாசிக்கிற உடம்பு முன்னமே இருந்தது,
சுருதிதான் இல்லை.

மார்லீன் ஒரு வரி பாடி மூச்செடுப்பாள்.
அந்த மூச்சு என்னுடையது.
இரண்டு அடி, சில வேளை இரண்டரை.
பரீட்சைத்தாளில் கீற்றின் நீளம் பார்த்து
சொல்லின் நீளத்தை ஊகிப்போமே,
அப்படித்தான்.

ஆரம்பத்தில் சறுக்கிக்கொண்டே போனேன்.
இரும்புக்கட்டை தந்தியில் வழுக்கும்,
அழுகை தானாக வரும்.
மூன்றாவது கிளாஸ் தாண்டியவர்கள் கண்ணைத் துடைப்பார்கள்.
ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஜல்தீன் சொன்னான்:
"நீங்க வாசிச்சா எல்லாப் பாட்டிலயும்
ஆரோ மவுத்தாகுறாங்க."

அதற்குப் பிறகுதான் படி படியாக ஏறப் பழகினேன்.
பன்னிரண்டு அரைச்சுரமும், ஒன்றையும் விடாமல்.
கடுகதி அல்ல,
எல்லாத் தரிப்பிலும் நிற்கிற ரயில்.
கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி,
ஆள் இறங்கிய பிறகே அடுத்தது.
உள்ளங்கை விளிம்பால்
முந்தின தந்தியின் வாயைப் பொத்தாவிட்டால்
இரண்டு தரிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
கடைச்சாமான் சரிந்த சத்தம் வரும்.
வலது முழங்கால் வெளியே தள்ள
இரண்டாம் தந்தி அரைச்சுரம் இறங்கும்.
அதே முழங்கால். அதே தள்ளல்.
ஒரு திங்கட்கிழமை
எழுபது கொலர் திரும்பி வந்தன.
தையல் நடுவில் பாதம் தூக்கியிருக்கிறது.
"என்ன யோசனை?" என்றாள் சுப்பவைசர்.
இரண்டாம் தந்தி என்று எப்படிச் சொல்வது.

தலையில் புள்ளி வைத்த மெய்யெழுத்துப்போல
அரை மாத்திரைக்காரர் அந்தச் சுரங்கள்.
தனியே நிற்க ஏலாது என்று நினைத்திருந்தேன்.
நிற்கும்,
அரைக் கண்ணிமைப்பு.

போன சனிக்கிழமை,
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
நீளமான கீறு, நாலு அடி.
கீழிருந்து தொடங்கினேன்.
ஏழாவதில் கரண்ட் போனது.

பெட்டி செத்தது, தந்தி சாகவில்லை.
நுளம்பளவு சத்தத்தில் ஏழாவது
இன்னும் கொஞ்சம் நின்றது.
எனக்கும் மார்லீனுக்கும் மட்டும் கேட்டிருக்கும்.
இழுத்த மூச்சோடு, திறந்த வாயோடு அவள்.
ரான்ஸ்லி ஜெனரேட்டர்க்காரனை
மூன்று மொழியிலும் ஏசினார்.
பாருக்கும் மணலுக்கும் இடையே தண்டவாளத்தில்
பாணந்துறை ரயில் போனது.
ஜன்னல், பிறகு இருட்டு, பிறகு ஜன்னல்,
அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்து விழுந்து எழும்பியது.
ஜல்தீன் நிறுத்தவே இல்லை.
இரண்டும் நாலும், இரண்டும் நாலும்,
கைவிரலால் தொடையில் தட்டுகிற அளவுக்கு.

லைட் வந்தது. பெட்டி ஒருமுறை கனைத்தது.
முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம்.
நேரே சரணத்துக்குப் போயிருந்தாலும்
யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.
மார்லீன் என் கையைப் பார்த்தாள்.

எட்டாவதைத் தொட்டேன்.
ஒன்பது. பத்து.
பதினொன்று ஒரு மயிரிழை கூடிவிட்டது,
கட்டை வியர்வையில் நழுவியிருக்க வேண்டும்.
திருத்த நேரமில்லை,
அவள் பாடத் தொடங்கியிருந்தாள்.